லீ என்ற சொல்லுக்கு ஒரு சிவப்புச் சீட்டு

பிப்ரவரி 2

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சொற்களைத் தடவிக்கொண்டிருப்பவனுக்கு என்ன வந்துவிடப் போகிறது? இரண்டு வருடம் கழித்து நானாக எழுதுகிறேன் என்பதற்காகச் சமாதானம் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன், அது அப்படியே இருக்கட்டும். குரலைக் கேட்டால் கத்திவிடுவேன். எழுதினால் பாதிக் கோபமாவது கையோடு போகும்.

விஷயம் இதுதான். என் துறைமுகப் பைலட் உரிமத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வருடமாக நடுக்கடலில் கப்பல் ஏறித் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தவள், மூன்று வாரமாக அலுவலகத்தில் உட்கார்ந்து அலைமட்ட அட்டவணைக்கு நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கப்பலில் ஏற மறுத்தேன். பயந்து மறுத்தேன் என்று கப்பல் கம்பெனி புகார் எழுதிக் கொடுத்திருக்கிறது. பயந்தாங்கொள்ளி என்று தீர்ப்பானால் உரிமம் திரும்பி வராது. முதல் விசாரணை முடிந்துவிட்டது. அடுத்தது 26ஆம் தேதி. அன்றே முடிவு.

துறைமுக விதிப் புத்தகத்தில் இருப்பது ஒரே வரி: 'பைலட் ஏறும்போது கப்பல் லீ தர வேண்டும்.' தந்தோம் என்கிறது கம்பெனி. தரவில்லை என்கிறேன் நான். லீ என்றால் என்ன என்று விதிப் புத்தகம் சொல்லவில்லை. கம்பெனி வக்கீல் எழுந்து போய் எங்கள் துறைமுக நூலகத்திலிருந்தே ஒரு தடித்த அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது உன் அகராதி. 'லீ: காற்று அடிக்காத பக்கம்.' வாசித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"எந்தக் கப்பலுக்கும் காத்து அடிக்காத பக்கம்னு ஒண்ணு இருக்கத்தானே செய்யும், மேடம்? அந்தப் பக்கம்தானே ஏணி தொங்குச்சு? அப்புறம் என்ன குடுக்கலைங்கறீங்க?"

பதில் தேடி விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். நான்! விசாரணைத் தலைவர் கடலைக் காலண்டரில் மட்டும் பார்த்தவர். அச்சில் இருப்பதுதான் அவருக்கு வேதம். தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார்.

அகராதியில் அந்த வரியை எழுதுவதற்கு முன்னால் நீ என்னிடம் கேட்டாய். மறந்திருக்கமாட்டாய். நான் நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். புத்தகம் வந்த அன்று படகுத்துறையில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பக்கத்தைத் திறந்தேன். என் சொல் ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு அவர்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் வலிக்கிறது.

இப்போது கேட்பது ஒன்றுதான். அந்தச் சொல்லின் முழுப் பொருள் என்ன, அது எங்கிருந்து வந்தது? தெரிந்ததை எழுது. தயவாகக் கேட்கவில்லை.

அக்கா


பிப்ரவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் என் முகம் எப்படி ஆனதோ தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர், "என்ன சார், வக்கீல் நோட்டீஸா?" என்று கேட்டார்.

உரிமத்தை நிறுத்தியது அநியாயம்தான். ஆனாலும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பொருள் தவறில்லை. உலகத்தில் எந்த அகராதியைப் புரட்டினாலும் அது இருக்கும். எங்களுக்கு இடம் குறைவு, விதிகள் அதிகம். அச்சில் வந்த சான்று இல்லாமல் எதையும் சேர்க்கக்கூடாது என்பது அதில் முதல் விதி. உன் கடிதம் அச்சில் வந்ததில்லை. மூன்றே சொற்களில் முடித்திருக்கிறாயே என்று தலைமை ஆசிரியர் அன்றைக்கு என்னைப் பாராட்டவும் செய்தார்.

எங்கள் அலுவலக வழக்கம் ஒன்றை உனக்குச் சொன்னால் என் நிலை புரியும். இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை உண்டு. எழுதியவர் அதன் பின்புறம் கையெழுத்துப் போட வேண்டும். அச்சான பிறகு அது பிழை என்று தெரிந்தால், எழுதியவரே தன் கையால் திருத்தம் எழுத வேண்டும். அதைச் சிவப்புத் தாளில் அச்சடித்து, அகராதி இருக்கிற எல்லா நூலகங்களுக்கும் அனுப்புவார்கள். அவர்கள் அந்தப் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். மூலச் சீட்டை இங்கே நடைவழிப் பலகையில் ஒரு மாதம் குத்தி வைப்பார்கள். காபி குடிக்கப் போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று படிப்பான். பதினெட்டு வருடத்தில் சிவப்புச் சீட்டு எழுதாத ஒரே ஆள் நான். தலைமை ஆசிரியர் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். அடுத்தது நான்தான் என்று பேச்சு.

நீ கேட்டதற்கு வருகிறேன். லீ மிகப் பழைய ஆங்கிலச் சொல். காப்பு, மறைப்பு என்ற பொருளில் இருந்தது. விவரமாகப் பார்த்து எழுதுகிறேன்.

அன்று என்ன நடந்தது என்று நீ எழுதவே இல்லையே. தப்பாக நினைக்காதே, கேட்க வேண்டியிருக்கிறது. பயந்துவிட்டாயா?

தம்பி


பிப்ரவரி 11

அகராதி பிடித்தவனே,

ஆம், பயந்தேன். பயப்படாத பைலட் என்று ஒருவர் இருந்தால் அவர் படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள்.

கேள். காலை ஒன்பது மணி, வடகிழக்குக் காற்று ஆளைத் தள்ளுகிறது. இருநூறு மீட்டர் நீளக் கப்பல். அதன் பக்கவாட்டில் கயிற்று ஏணி தொங்குகிறது, ஒன்பது மீட்டர். கீழே எங்கள் படகு, அதன் முன்னால் நான். இந்த மாதிரி நேரத்தில் கப்பல் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? தன் உடம்பைக் காற்றுக்குக் குறுக்கே போட வேண்டும். காற்று, அலை எல்லாவற்றையும் அது ஒரு பக்கம் வாங்கிக்கொள்ளும். மறுபக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவுக்குக் கடல் அடங்கும். அந்த அடக்கத்துக்குள் படகு போய் ஒட்டிக்கொள்ளும். அலை தூக்குகிற நொடி பார்த்து நான் ஏணியைப் பிடிப்பேன். நான் மேல்தளத்தில் கால் வைக்கிறவரை கப்பல் திசை மாறாமல் அப்படியே காற்றை வாங்கிக்கொண்டு போக வேண்டும். இதற்குப் பெயர்தான் லீ தருவது. பக்கம் எல்லாக் கப்பலுக்கும் இருக்கிறது. லீ என்பது கேப்டன் மனசு வைத்தால்தான் உண்டு.

அந்தக் கேப்டனுக்கு அவசரம். நீர்மட்டம் இறங்குவதற்குள் உள்ளே வந்துவிட வேண்டும். குறுக்கே திரும்பினார், இரண்டு நிமிடம் தாங்கினார், பிறகு கப்பலின் மூக்கைத் துறைமுகத்தின் பக்கம் திருப்ப ஆரம்பித்துவிட்டார். நான் அப்போது ஏணிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தேன். அலை கப்பலைச் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் படகை இரண்டு மீட்டர் கீழே போட்டது, திரும்பத் தூக்கி ஏணியின் மேல் அடித்தது. அடியில் இருந்த மூன்று படிகள் சுக்குநூறு. என் கால் இருக்க வேண்டிய இடம் அது.

"எடுங்கண்ணே, எடுங்க!" என்று கத்தினேன். படகோட்டி அண்ணன் விலக்கிவிட்டார். ரேடியோவில் கேப்டன், "என்னம்மா, பயந்துட்டீங்களா?" என்றார். "ஆமா சார், பயந்துட்டேன். ஏணியை மாத்திட்டு மறுபடி லீ குடுங்க, வர்றேன்" என்றேன். தரவில்லை. நீர் இறங்கிவிட்டது, கப்பல் வெளியே நங்கூரம் போட்டது. சாயங்காலமே புகார் வந்துவிட்டது.

கப்பல் திரும்பியதைக் கம்பெனி மறுக்கவேயில்லை. திரும்பினாலும் ஏணி காற்று அடிக்காத பக்கம்தான் இருந்தது என்கிறார்கள். உன் மூன்று சொற்கள் அவர்களுக்குப் போதும். படகோட்டி அண்ணன் சாட்சி சொன்னார். "அவர் உங்க ஆளு" என்று தள்ளிவிட்டார்கள். பைலட் அறையில் ஒருவர் என் காதுபடவே, "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்கிறார். அவர் போன மாதம் படிக்கட்டில் வழுக்கி விழுந்தவர், தரையில் இருக்கிற படிக்கட்டில்.

நீ போய் உன் பலகையைத் துடைத்து வைத்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 16

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு கீழ்த்தளத்துக்குப் போய் அந்த அட்டையை எடுத்தேன். உன் நான்கு பக்கமும் அதோடு குண்டூசியால் குத்தியபடியே இருக்கின்றன. 'பெரியது காற்றைத் தான் வாங்கிக்கொண்டு சின்னதைக் காப்பாற்றுவது' என்று எழுதியிருக்கிறாய். அதன் ஓரத்தில் பென்சிலில், 'பேச்சுச் சான்று. நீக்கவும்' என்று இருக்கிறது. என் கையெழுத்து.

சொல்லின் வரலாற்றை இப்போது ஒழுங்காகப் பார்த்தேன். ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அது ஹ்லேயோ என்பது போல ஒலித்தது. பொருள்: காப்பு, அடைக்கலம். அன்றைய பாடல்களில் தன் வீரர்களைக் காக்கிற தலைவனையே அந்தச் சொல்லால் அழைத்திருக்கிறார்கள். கப்பலுக்கு அது வந்தது பிற்பாடு, வட ஐரோப்பிய மாலுமிகளின் மொழி வழியாக வந்திருக்கலாம் என்கிறார்கள். இங்கிலாந்துக் கிராமப் பேச்சில் அதன் உறவுச் சொல் ஒன்று உண்டு. குளிர்காற்று படாத, கொஞ்சம் கதகதப்பான இடத்துக்கு அந்தப் பெயர். பக்கம், திசை என்ற பொருளும் பொய்யில்லை. காற்று கப்பலைத் தள்ளிக்கொண்டு போய் மோதுகிற கரைக்குக்கூட லீயை ஒட்டித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே காப்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆனால் முதலில் இருந்தது அடைக்கலம். நான் அதை வெட்டிவிட்டேன்.

விதி என்று உனக்கு எழுதினேனே, அது பாதி உண்மை. இதே அகராதியில் மருத்துவர் ஒருவர் வாயால் சொன்னதை மூன்று இடத்தில் சேர்த்திருக்கிறோம். அக்கா சொன்னதைச் சேர்த்தால், வீட்டு ஆளை வைத்துக்கொண்டு அகராதி எழுதுகிறான் என்பார்களே என்று கூசினேன். பெரிய மனிதன் என்ற நினைப்பு. உன்னைப் பத்துப் பேர் முன்னால் பதில் தேடிப் புத்தகம் புரட்ட வைத்தது அந்த நினைப்புதான். வெட்கமாக இருக்கிறது.

26ஆம் தேதி நான் வருகிறேன். எழுதியவன் நான், குறை என்னுடையது என்று விசாரணையில் நின்று சொல்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 19

தம்பி,

வராதே.

நீ வந்து நின்றால் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள் என்பார்கள். நான் தனியாக ஏறிய கப்பல்கள் மூவாயிரத்துக்கு மேல். இதிலும் தனியாகவே நின்றுகொள்கிறேன். இன்னொன்று, இந்த நேரத்தில் நீ வெளியூரில் போய் என் அகராதி தப்பு என்று சொன்னால் உன் பதவி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நம் குடும்பத்தில் தலைமை என்ற சொல்லைப் பெயருக்கு முன்னால் போடப்போகிற முதல் ஆள் நீ. அதில் என்னால் ஒரு கீறல் விழ வேண்டாம்.

சாட்சி சொல்ல வரமாட்டேன், விசாரணைக்கு ஒரு வரிகூட எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்து பதில் போடு.

அந்தப் பழைய சொல்லைப் படகோட்டி அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். "நம்ம தொழில் அம்புட்டுப் பழசா?" என்று மார்பை நிமிர்த்திக்கொண்டார். உன் மேல் கோபம் பாதி போய்விட்டது. மீதி இருக்கிறது, மறந்துவிடாதே.

அக்கா


பிப்ரவரி 21

அக்கா,

சாட்சி சொல்ல வரமாட்டேன். விசாரணைக்கு ஒரு வரியும் எழுதமாட்டேன். சத்தியம்.

தம்பி


பிப்ரவரி 27

அடேய்,

சத்தியம் செய்தாயே! நேற்று நடந்ததை எழுதுகிறேன். நீ அங்கே இல்லாமல் போனாயே என்று ஆத்திரமாக வருகிறது. வராதே என்று சொன்னதும் நான்தான், அதனால் யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை.

வக்கீல் நல்ல உற்சாகத்தில் இருந்தார். "அகராதி என்ன சொல்லுதுன்னு மறுபடி ஒரு தடவை பார்த்துடலாம் ஐயா" என்று நூலகத்திலிருந்து புத்தகத்தை வரவழைத்தார். மடித்து வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார். பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டார். எட்டிப் பார்த்தேன். பக்கத்தின் நடுவே சிவப்பாக ஒரு சீட்டு. பசை ஈரம்கூடக் காயவில்லை. நூலகர் அன்று காலைதான் ஒட்டியிருக்கிறார்.

வக்கீல் மூடப் பார்த்தார். தலைவர் விடவில்லை. "படிங்க. அச்சுல இருக்கே!" என்றார். வேறு வழியில்லாமல் அந்த மனிதர் தன் வாயாலேயே படித்தார்:

'லீ: காற்றைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு ஒன்று மற்றொன்றுக்குத் தரும் காப்பு, அடைக்கலம். இதிலிருந்து: காற்று அடிக்காத பக்கம். முதற்பொருளை விட்டது என் பிழை. சான்று: துறைமுகப் பைலட் ஒருவரின் கடிதம். அந்தப் பைலட் என் அக்கா.'

கீழே உன் கையெழுத்து. அதற்கும் கீழே உன் தலைமை ஆசிரியரின் முத்திரை.

"ஐயா, இது அந்தம்மாவோட தம்பியே எழுதினது! இதை ஏத்துக்க முடியாது!" என்று வக்கீல் குதித்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "போன தடவை நீங்க படிச்சதும் அவர் எழுதினதுதானே? அப்ப நம்பலாம்னீங்க, இப்பக் கூடாதுங்கறீங்களா? முத்திரை வேற இருக்கு."

பிறகு அவர் படகோட்டி அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டார். "கப்பல் திரும்பினப்புறம் உங்க படகுக்குக் காப்பு இருந்துச்சா?" என்று கேட்டார். "காப்பா? மூணு படி உடைஞ்சு கடல்ல போச்சுய்யா" என்றார் அண்ணன். ஐந்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள். ஏற மறுத்தது சரி. உரிமம் இன்று காலை கைக்கு வந்துவிட்டது.

வெளியே வந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அண்ணன் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். உன் பதவி என்ன ஆயிற்று? மறைக்காமல் எழுது. எழுதிவிட்டுக் கிளம்பி வா. நான் ஏறுவதை நீ ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் கடிதமே எழுது, பழகிவிட்டது.

அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சத்தியத்தை மீறவில்லை. விசாரணைக்கு எழுதவில்லை, எண்ணூற்று நாற்பது நூலகங்களுக்கு எழுதினேன். அதில் ஒன்று உங்கள் துறைமுகத்தில் இருந்தால் நான் என்ன செய்வது?

பதவி பக்கத்து மேசைக்காரருக்குப் போய்விட்டது. சீட்டைக் கொண்டுபோய் நீட்டியபோதே தலைமை ஆசிரியர் கேட்டார், "ஒரு மாசம் பொறுத்துக் குடுக்கலாமே? பதவி வந்தப்புறம் யார் கேட்கப் போறா?" என்று. 26க்குள் போய்ச் சேர வேண்டும் என்றேன். காரணத்தையும் சொன்னேன். உடனே முத்திரை குத்திக் கொடுத்தார். பதவி வேண்டாமென்று இருந்தேன் என்று சொன்னால் பொய். வேண்டியிருந்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது பலகையில் என் சீட்டு இருக்கிறது. முதல் நாள் தலை குனிந்துகொண்டு கடந்து போனேன். இரண்டாம் நாள், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி நின்று படித்துவிட்டு, "சார், உங்க அக்கா நெஜமாவே கப்பல் ஏறுவாங்களா?" என்று கேட்டாள். பத்து நிமிடம் சொன்னேன். காபி ஆறிப்போயிற்று. அதிலிருந்து நான் பலகைக்குப் பக்கத்தில்தான் நின்று காபி குடிக்கிறேன், யாராவது கேட்கமாட்டார்களா என்று.

14ஆம் தேதி வருகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது, நினைவிருக்கட்டும்.

தம்பி


மார்ச் 18

அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இரண்டு நாளாக நாற்காலியும் ஆடுகிறது.

உன் எதிரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். படகில் நான் வாந்தி எடுத்ததைப் பார்த்துச் சிரித்தாய், சரி. அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, உன் முதுகு என் பக்கம் இருந்தது. காற்று காதுக்குள் இரைந்துகொண்டிருந்தது. அந்தக் கப்பல் மெல்லத் திரும்பி எங்களுக்கும் காற்றுக்கும் நடுவே நின்றது. சட்டென்று இரைச்சல் நின்றுவிட்டது. படகோட்டி அண்ணன் தொண்டையைச் செருமியதுகூடக் கேட்டது. நனைந்த சட்டைக்குள் உடம்பு லேசாகக் கதகதத்தது. பதினெட்டு வருடம் சொற்களோடு குடித்தனம் நடத்துகிறேன், ஒரு சொல்லுக்குள் போய் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அதற்குள் நீ ஏணியில் இருந்தாய். எப்போது தாவினாய் என்றே நான் பார்க்கவில்லை. கீழே பார்க்காமல், மேலே பார்க்காமல், கைக்கு முன்னால் இருக்கிற கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினாய். எண்ணினேன், முப்பது படி. மேல்தளத்தில் கால் வைத்ததும் இரண்டு மாலுமிகள் உனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவ்வளவு பெரிய கப்பல் அதற்குப் பிறகுதான், நீ சொல்லித்தான் திரும்பியது.

நான் எழுந்து நின்று கத்திவிட்டேன். "உக்காருங்க சார், கடல்ல விழுந்துடுவீங்க!" என்று அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. திரும்பவும் கத்தினேன். காற்று மறுபடி வந்துவிட்டதால் உனக்குக் கேட்டிருக்காது. உன்னிடம் சொல்லவேண்டாம் என்று அண்ணனைக் கெஞ்சி வைத்திருக்கிறேன். ஆனால் அவர் இன்னும் எத்தனை நாள் தாங்குவார் என்று தெரியாது, நானே எழுதிவிடுகிறேன்.

"எங்க அக்கா! அது எங்க அக்கா! ஏறிட்டா பாருங்க!"

தம்பி